மேட்டுச் சமவெளியில் இலையுதிர்கால வறட்சியும் புல்வெளித் தீயும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே, ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்திலிருந்து கீழ்த்திசை நோக்கிச் சரிந்து செல்லும் பெரும் புல்வெளிக்கு மேட்டுச் சமவெளி என்று பெயர். வயோமிங், நெப்ராஸ்கா, கொலராடோ, கான்ஸாஸ், ஒக்லஹோமா, டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ ஆகிய மாகாணங்களின் பகுதிகள் இதில் அடங்கும். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றினும் இப்பிரதேசம் உண்மையில் ஒரு சரிவேயாகும். மலையடிவாரத்திலுள்ள டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி உயரத்தில் இருக்க, கிழக்கே கான்ஸாஸ் மாகாணத்து டாட்ஜ் நகரம் ஏறக்குறைய 2,500 அடி உயரத்திலேயே இருக்கிறது. ஆண்டு மழை பெரும்பாலும் 15 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. அதிலும் பெரும்பகுதி சித்திரை முதல் புரட்டாசி வரையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. கோதுமை, சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி ஆகியவை அங்கே சாகுபடியாகின்றன. உழவுக்கு ஏலாத நிலமெல்லாம் மாடுகளுக்கு மேய்ச்சல். ஆற்றோரங்களையும் வீட்டோரங்களையும் தவிர மரங்கள் அரிது. ஆகையால் அங்கே காட்டுத் தீ என்று வழங்கப்படுவது மரக்காட்டில் எழும் தீ அன்று. புல்லிலும் தாளிலும் பற்றி ஓடும் தீயேயாகும்.

இத்தீயின் அபாயம் கோடையில் அல்லவா மிகுதியாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டவர் எண்ணக்கூடும். அங்கோ நிலைமை வேறு. கோடையில் புல் பச்சையாக இருக்கிறது. பச்சைப் புல் எளிதில் பற்றாது. புரட்டாசிக் கடைசியில் வடபகுதியிலும், ஐப்பசி முதல் வாரங்களில் டெக்ஸாஸின் வட கோடியிலும் முதல் உறைபனி விழுகிறது. அத்துடன் பஃபலோ புல், நீல கிராமா முதலிய அப்பகுதிப் புற்கள் வளர்ச்சியை நிறுத்திச் சத்தை வேருக்கு இழுத்துக்கொண்டு, மேலே வைக்கோல் நிறமாய்க் காய்ந்து நிற்கின்றன. அடுத்த சித்திரையில் மறுபடி துளிர்க்கும் வரையில் ஆறேழு மாத காலம் அவை எரிபொருளேயன்றி வேறல்ல. அக்காலத்தில் தரையைப் பனி மூடியிருந்தால் கவலையில்லை. பனியும் மழையும் இன்றி, வெயில் காய்ந்து, காற்றும் எழுமாயின் அதுவே ஆபத்துக் காலம்.

மாரியும் குளிரும் வரவேண்டிய நாளில் வெம்மையும் வறட்சியும் வருவதற்குக் காரணம் மேற்கேயுள்ள மலையே. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் காற்று தன் ஈரத்தில் பெரும்பங்கை மலையின் மேற்குப் புறத்தில் மழையாகவும் பனியாகவும் இறக்கிவிட்டுச் சிகரத்தைத் தாண்டுகிறது. பின்னர்க் கிழக்குச் சரிவில் இறங்குகையில் கீழ்நிலைக் காற்றின் அழுத்தத்தால் நெருக்குண்டு சூடேறுகிறது. ஆயிரம் அடி இறங்கினால் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் கூடும். ஐயாயிரம் அடி இறங்கினால் 27 டிகிரி வரை கூடிவிடும். காற்றில் உள்ள நீராவி அவ்வளவே இருக்க, உஷ்ணம் மட்டும் உயருமாயின் அதன் ஈரப்பதம் குறையும். உஷ்ணம் 20 டிகிரி உயரும்போது ஈரப்பதம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது கைக்கணக்கு. இவ்வாறு இறங்கும் காற்றுக்குச் சினூக் என்று பெயர். இதன் வேகத்துக்கும் வெம்மைக்கும் ஒரு விந்தையான சான்று உண்டு. தெற்கு டகோட்டா மாகாணத்தில், கரும்குன்றுகளின் ஓரத்திலுள்ள ஸ்பியர்ஃபிஷ் என்னும் ஊரில் 1943-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி காலையில், இரண்டே நிமிஷத்தில் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழ் 4 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு மேல் 45 டிகிரிக்கு ஏறிற்று.

சில ஆண்டுகளில் இவ்வறட்சி வாரக்கணக்கில் நீடிப்பதற்கு வேறொரு காரணமும் சேர்கிறது. பசிபிக் சமுத்திரத்தின் நடுக்கோட்டுப் பகுதியில் நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் நிலைக்கு லா நீனா என்று பெயர். இந்தியாவின் தென்மேற்குப் பருவ மழைக்குப் பெரும்பாலும் அனுகூலமானதென்று கருதப்படும் இதே நிலை, அமெரிக்காவின் தென் சமவெளிக்குப் பிரதிகூலமாக முடிகிறது. மழை மேகங்கள் செல்லும் பாதை வடக்கே ஒதுங்கிவிட, டெக்ஸாஸ், ஒக்லஹோமா, கான்ஸாஸ் பகுதிகள் வெம்மையும் வறட்சியுமாய்க் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 2005–06, 2021–22 ஆகிய கொடிய தீயாண்டுகள் இரண்டும் லா நீனா ஆண்டுகளே.

வறட்சி மட்டும் பெருந்தீயை உண்டாக்காது என்பதை இங்கே குறிப்பிடுதல் அவசியம். தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தால் புல்லே குட்டையாகி, தீ ஓடுவதற்குப் பொருள் இல்லாமற் போகும். வசந்தத்திலும் கோடையிலும் நல்ல மழை பெய்து புல் இடுப்பளவு வளர்ந்து, பின் இலையுதிர்காலம் வறண்டுபோகும் ஆண்டே மிகவும் அஞ்சத்தக்கது. நல்ல விளைச்சல் கண்ட குடியானவன் மனம் மகிழ்ந்திருக்கும் வேளையில்தான் ஆபத்து அவன் மேய்ச்சல் நிலத்தில் குவிந்திருக்கிறது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மண் அரிப்புக்கு உள்ளாகும் உழவு நிலங்களைப் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்குப் புல்லாக விட்டு வைக்கும் நிலச்சுவான்தாருக்கு அந்நாட்டு அரசாங்கம் வாடகை கொடுத்து வருகிறது. மண்ணைக் காப்பதற்கு இது மிகவும் ஏற்ற திட்டமே. எனினும் அந்நிலங்களில் உயரமான புல் மேயப்படாமல் ஆண்டுக்காண்டு மட்கிச் சேர்வதால், தீ அங்கே நுழைந்தால் அடக்குவது கடினம். ஒரு கேட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு மற்றொன்றுக்கு இடம் கொடுப்பது விவசாயத்தில் புதிதன்று.

புல்லைப் பற்றிப் பலர் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணம் யாதெனில், நேற்று மழை பெய்தது, ஆகவே இன்று பயமில்லை என்பதாகும். பருத்த மரக்கட்டை நனைந்தால் உலர வாரக்கணக்கு ஆகும். காய்ந்த புல்லின் தாளோ அவ்வளவு மெல்லியதாகையால், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கேற்பத் தன் ஈரத்தை ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிக்கொள்கிறது. காலையில் பனித்துளியால் நனைந்திருந்த புல், காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 15-க்குக் கீழே இறங்கும் பிற்பகலில் தீக்குச்சி போல் பற்றும். இதனாலேயே அந்நாட்டுத் தேசிய வானிலை இலாகா, மேட்டுச் சமவெளியின் பல பகுதிகளில், ஈரப்பதம் நூற்றுக்கு 15-க்கு மேற்படாமலும் காற்று வீச்சு மணிக்கு 25 மைலுக்குக் குறையாமலும் சில மணி நேரம் நிலவும் என்று காணும் நாளில், புல்லும் காய்ந்திருக்குமாயின், செங்கொடி எச்சரிக்கை விடுக்கிறது.

காற்றின் திசை மாறுதல் எல்லாவற்றினும் கொடியது. தென்மேற்குக் காற்றில் தீ வடகிழக்கு நோக்கி ஓடும்போது அதன் முகம் குறுகலாகவும், பக்கங்கள் பல மைல் நீளமாகவும் இருக்கும். மாலையில் வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று திடீரென்று எழுந்தால், அந்த நீண்ட பக்கம் முழுவதுமே புதிய முகமாகித் தெற்கு நோக்கிப் பாயும். பக்கத்தில் நின்று அணைத்துக்கொண்டிருந்தவர்கள் நொடிப்பொழுதில் தீயின் எதிரே நிற்பவராகிவிடுவர். 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் தேதி ஒக்லஹோமாவில் எழுந்த ஸ்டார்பக் தீ இவ்வாறே விரிந்து, கான்ஸாஸ் எல்லையைக் கடந்து, கிளார்க் ஜில்லாவின் பெரும்பகுதியைக் கரியாக்கிற்று. அது எரித்தது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல். அதே நாளில் டெக்ஸாஸ் மாகாணத்தில் மாடுகளைக் காப்பாற்றச் சென்ற இளவயதினர் மூவர் ஒரே இடத்தில் தீயில் சிக்கி மாண்டனர். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி டெக்ஸாஸின் வட கோடியில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீயும் காற்று மாறியதாலேயே அகன்றது. அது பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது, இறந்த மாடுகள் ஏழாயிரத்துக்கு மேல், இருவர் உயிரிழந்தனர்.

இவையெல்லாம் குளிர்காலக் கடைசியில் நேர்ந்தவை. ஆயினும் எரிந்தது முந்திய இலையுதிர்காலத்தில் காய்ந்து நின்ற புல்தான். இலையுதிர்காலத்திலேயே நேர்ந்த தீக்களும் குறைவல்ல. 2022 அக்டோபர் 2-ஆம் தேதி நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில், ஹால்ஸி என்னுமிடத்தில், 1902-ஆம் ஆண்டு முதல் மனிதர் கையால் நட்டு வளர்த்த காட்டில் தீப்பற்றி ஏறக்குறைய 19,000 ஏக்கர் எரிந்தது. அதை அணைக்கச் சென்ற கிராமத் தொண்டர் படையின் உப தலைவர் உயிர் நீத்தார். அதற்கு முந்திய ஆண்டு இன்னும் மோசமானது. 2021-இல் வசந்தம் மழை மிகுந்ததாயிருந்து, ஆடிக்குப் பின் வறண்டது. டென்வர் நகரில் சாதாரணமாக அக்டோபர் நடுவில் விழவேண்டிய முதற்பனி அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் தேதி வரையில் விழவில்லை. பதிவு தொடங்கிய நாள் முதல் அத்தனை தாமதம் கண்டதில்லை. டிசம்பர் 15-ஆம் தேதி பருவத்துக்கு ஒவ்வாத வெம்மையோடு மணிக்கு 100 மைல் வரை வீசிய காற்றில், வட மத்திய கான்ஸாஸின் நான்கு ஜில்லாக்களில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது; இருவர் இறந்தனர். அம்மாதம் 30-ஆம் தேதி டென்வருக்கு வடமேற்கே போல்டர் ஜில்லாவில் எழுந்த மார்ஷல் தீ ஆறாயிரம் ஏக்கரையே எரித்தது. ஆனால் புல்வெளியிலிருந்து ஊருக்குள் புகுந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை ஒரே பிற்பகலில் அழித்தது. மறுநாள் பனி விழுந்தது.

இத்தீக்கள் எவ்வாறு தொடங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது. இடியால் பற்றுவது கோடையில் உண்டு. இலையுதிர்காலத்திலோ பெரும்பாலும் மனிதர் காரியத்தால்தான். மின்சாரக் கம்பம் சாய்ந்து கம்பி தரையில் விழுதல், வண்டியின் பின்னே தொங்கும் சங்கிலி சாலையில் உராய்ந்து பொறி கக்குதல், சூடேறிய புகைக்குழாயுடைய மோட்டாரை உயரமான புல்லின்மேல் நிறுத்துதல், பற்றவைப்பு வேலை, குப்பை எரித்தல் ஆகியவை முக்கியம். மேற்கூறிய மார்ஷல் தீயைப் பற்றி ஒன்றரை ஆண்டு நடந்த விசாரணையில் இரண்டு தொடக்கங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, காற்றில் விடுபட்ட மின்கம்பி. மற்றொன்று, ஆறு நாட்களுக்கு முன் குப்பை எரித்து, மண்ணால் மூடி அணைந்ததாக விடப்பட்ட இடம். உள்ளே கனன்றுகொண்டிருந்த கங்கு பெருங்காற்றில் வெளிப்பட்டுவிட்டது. மண் மூடிய நெருப்பு அணைந்த நெருப்பாகாது. மரத்தின் அடிக்கட்டை, சாணக் குவியல், வைக்கோற் கட்டு ஆகியவை பல நாள் உள்ளே கனியும். நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுச் சூடில்லை என்று அறிந்த பின்னரே அவ்விடத்தை விட்டு அகலவேண்டும் என்று அங்குள்ள அதிகாரிகள் வற்புறுத்துகின்றனர்.

விவசாயிகளுக்கு நேரே சம்பந்தமுள்ள காரணம் அறுவடை யந்திரம். கதிரறுத்து அடித்துத் தூற்றும் கம்பைன் யந்திரங்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரையில், அதாவது காற்று மிகவும் வறண்டிருக்கும் நாட்களில்தான், மக்காச்சோளத்திலும் சோளத்திலும் சூரியகாந்தியிலும் வேலை செய்கின்றன. பதரும் தூசியும் எஞ்சினின் சூடான பாகங்களில் படிந்து கனிகின்றன. தேய்ந்த பேரிங்கு சிவக்கச் சூடேறுகிறது. வெட்டுப் பல்லில் கல் மோதிப் பொறி பறக்கிறது. இவற்றுள் சூரியகாந்தி மிகவும் பொல்லாதது. அதன் தண்டின் உட்சோறு நுண்ணிய தூசியாகிப் பறந்து, மற்றப் பயிர்களின் தூசியைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது என்று தெற்கு டகோட்டா மாகாணச் சர்வகலாசாலையார் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். ஆகவே அனுபவமுள்ள குடிகள் ஒரு நாளில் பலமுறை யந்திரத்தை நிறுத்தி, அழுத்தக் காற்றால் தூசியை ஊதி அகற்றுகின்றனர். காற்று மிகுந்த பிற்பகலை விட்டு, ஈரம் சற்று ஏறும் இரவிலும் அதிகாலையிலும் அறுக்கின்றனர். வயலில் காற்று போய்ச் சேரும் ஓரத்திலிருந்து அறுப்பைத் தொடங்குவதும் நல்ல முறை. பொறி விழுந்தால் அது நிற்கும் பயிரின்மேல் செல்லாமல் அறுத்த தாளின்மேல் செல்லும். வயலோரத்தில் தட்டுக் கலப்பை பூட்டிய டிராக்டர் ஒன்றும், நீர்த் தொட்டி ஒன்றும் தயாராக நிற்கவேண்டும்.

செங்கொடி நாளில் அறுப்பதா, விடுவதா என்பது எளிதில் தீராத கேள்வி. கதிர் முற்றி நிற்க, வாடகை யந்திரம் வயலில் காத்திருக்க, அடுத்த வாரம் பனி விழலாம் என்ற அச்சமும் இருக்க, ஒரு நாள் நிறுத்துவது நஷ்டமாகவே தோன்றும். ஆனால் கணக்கின் மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். 2017-ஆம் ஆண்டுத் தீயில் கருகிய முள்வேலியை மீண்டும் போட மைலுக்கு ஏறக்குறையப் பத்தாயிரம் டாலர் பிடித்தது. ஒரு பண்ணையில் வேலி மட்டுமே பல மைல் இருக்கும். மாடும் தீவனமும் போனது தனி. அத்தீ அண்டை நிலத்தாருடையதாகவும் இருக்கக்கூடும்.

தீ வரும் முன் செய்யும் காப்புகளில் பழமையானது உழுத பட்டை. 1870-ஆம் ஆண்டுகளில் குடியேறியவர்கள் வீட்டையும் வைக்கோற் போரையும் சுற்றி இரு வரிசையாகச் சால் ஓட்டி, காற்றில்லாத நாளில் இடைப்பட்ட புல்லை எரித்து வைத்தனர். ரயில் எஞ்சினின் பொறிக்கு அஞ்சித் தண்டவாளத்தின் ஓரத்திலும் உழுது வைப்பது வழக்கமாயிருந்தது. மேய்ச்சல்காரர்கள் தீ வந்துவிட்டபோது ஒரு மாட்டைக் கொன்று, இரண்டாகப் பிளந்து, இரு குதிரைகளிடையே கயிற்றால் பூட்டித் தீயின்மேல் இழுத்து அணைத்தனர். கேட்பதற்குக் கொடுமையாயினும், நீரில்லாத வெளியில் ஈரமுள்ள கனத்த பொருள் வேறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றும் புல்லை அடியோடு நீக்கி மண் தெரியும்படி உழுத பட்டையே சிறந்தது. குட்டைப் புல்லுக்குப் பத்துப் பதினைந்து அடி அகலம் போதும். உயர்ந்த புல்லுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். பெருங்காற்றில் ஓடும் தீமுகத்தை எந்தப் பட்டையும் நிறுத்தாது, பொறி அதைத் தாண்டிவிடும். எனினும் தீயின் பக்கங்களை நிறுத்துவதற்கும், ஆட்கள் நின்று வேலை செய்வதற்கும் அது பயன்படும்.

இதைவிட நம்பத்தக்க காப்பு, செலவில்லாமல் கிடைக்கும் ஒன்றாகும். செப்டம்பரில் விதைத்த குளிர்காலக் கோதுமை ஐப்பசி, கார்த்திகையில் தரையோடு தரையாகப் பசேலென்று நிற்கிறது; அதில் தீ ஓடாது. மேய்ச்சல் நிலத்தின் தென்மேற்கு, வடமேற்கு ஓரங்களில் கோதுமை வயல் அமையுமாறு பயிர் வைப்பவர் இருவிதத்தில் பயன் அடைகின்றனர். தீ வருகையில் வேலியை அறுத்து மாடுகளை அந்த வயலுக்குள் விடலாம். பயிர் மிதிபட்டாலும் மாடு பிழைக்கும். ஒட்ட மேய்ந்த புல்தரையும் இதற்கு உதவும். மாடுகளைப் பின்தொடர்ந்து புல்வெளிக்குள் செல்வது மட்டும் கூடாது.

1934 முதல் 1942 வரை, மண் பறந்த பஞ்சத்தை அடக்குவதற்கு இருபது கோடிக்கு மேற்பட்ட மரங்கள் காற்றுத் தடைகளாக இச்சமவெளியில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய கிழக்கத்திச் செஞ்சீடார், பழைய நாளில் அடிக்கடி ஓடிய சிறு தீக்கள் நின்றுபோனதால், மேய்ச்சல் நிலத்தில் தானாகவே பரவி வருகிறது. எண்ணெய்ச் சத்துள்ள அம்மரம் பற்றினால் பொறியை வெகுதூரம் எறியும். வீட்டைச் சுற்றி நிற்கும் செஞ்சீடாரை வெட்டி நீக்குதல் நலம். மேய்ச்சல் நிலத்திலோ, வசந்தத் தொடக்கத்தில் தக்க ஆட்களுடன், அடங்கிய காற்றில், அளவாக எரித்து அதை ஒழிப்பது முறை. இலையுதிர்கால வறட்சியில் அப்படி எரிக்கத் துணிவது கூடாது.

கிராம அதிகாரிகளின் பொறுப்பும் இதில் பெரிது. அப்பகுதிகளில் தீயணைப்போர் பெரும்பாலும் சம்பளமில்லாத கிராமத் தொண்டர்களே. திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்யும் அதிகாரம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. டெக்ஸாஸில் ஜில்லா மன்றத்தார் 90 நாள் வரை தடையுத்தரவு பிறப்பிக்கலாம். நெப்ராஸ்காவிலோ எரிப்பதற்கு எப்பொழுதுமே தடை உண்டு. அவ்வட்டாரத் தீயணைப்புத் தலைவரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றவரே எரிக்கலாம். இரண்டாவது முறையே மேலானது எனலாம். முன்னதில் வறட்சி முற்றிய பிறகு மன்றம் கூடி முடிவு செய்யவேண்டும். பின்னதில் அன்றைய காற்றை நேரில் பார்க்கும் ஒருவரே சீட்டு மறுக்க முடியும்.

எரிந்த நிலத்தைப் பற்றிய ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. வசந்தத்தில் எரிந்த புல் சில வாரங்களில் துளிர்க்கிறது. இலையுதிர்காலத்தில் எரிந்த நிலமோ சித்திரை, வைகாசி வரை வெறுமையாய்க் கிடந்து, குளிர்காலக் காற்றில் மேல்மண்ணை இழக்கிறது. பயிர்நிலமாயின் காற்றுக்குக் குறுக்கே உளிக் கலப்பை ஓட்டிக் கட்டிகளை மேலே கொண்டுவந்தால் மண் பறப்பது குறையும். புல்நிலத்தில் அவ்வாறு உழுவது தவறு. வேர் உயிரோடிருக்கிறது, அதைத் தொடாமல் விட்டு, துளிர்த்த புல் நன்கு தழைக்கும் வரையில் மாடுகளை உள்ளே விடாதிருந்தால், மழையும் ஒத்துழைக்குமாயின், பஃபலோ புல்லும் கிராமாவும் தாமே நிலத்தை மூடிக்கொள்ளும். அதுவரை மாடுகளுக்கு வேண்டிய வைக்கோலைத் தீ எட்டாத வேறிடத்தில் போர் போட்டு வைத்திருத்தல் வேண்டும்; எல்லாப் போரையும் ஒரே களத்தில் அடுக்கி வைத்தவர்கள் ஒரே இரவில் அனைத்தையும் இழந்திருக்கின்றனர்.